மலுங்கி ஐந்து கிலோ

தூத்துக்குடியில் எங்களுக்கு ஒரு மளிகைக் கடை. அந்தக் கடையில் உட்கார்ந்தே என் கணவருக்கு முடி நரைத்தது. முன்பெல்லாம் காலையில் கடை திறக்குமுன் வாசலில் நாலு பேர் நிற்பார்கள். எங்கள் தெருவைச் சுற்றி மூன்று சூப்பர் மார்க்கெட் வந்த பிறகு, அவர் பாதி நாள் ஈ ஓட்டினார், மீதி நாள் பேப்பர் படித்தார். சென்னையில் பெரிய கடை வைத்திருக்கும் அவருடைய அண்ணன் ஒருநாள் போனில், "அங்கன இருந்து என்னத்தலே கிழிக்கப் போற? இங்க வா, குடோனைப் பாத்துக்கோ" என்றார். இவரும், "சரிண்ணே, அமாவாசை கழிச்சு வாரேன்" என்று சொல்லிவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை செய்வதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் இங்கே ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடுகிற மனிதர். அங்கே போனால், "ஏலே" என்ற ஒரு சத்தத்துக்கு மூட்டைக்குப் பின்னாலிருந்து ஓடிவர வேண்டும். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. இவரோ கடையில் உட்கார்ந்து தராசுத் தட்டைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். நாள் முழுக்க அதையே செய்தார். அப்போதுதான் இந்த மனிதருக்குள்ளும் ஏதோ உடைந்துகொண்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

எங்கள் கடையில் சில்லறையாகச் சாமான் வாங்குகிற ஒரு தம்பி, துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். வெளிநாட்டுக் கப்பல் வந்தால் அதில் இருப்பவர்களுக்குக் காய்கறி, மீன், இறைச்சி எல்லாம் ஏற்றிவிட ஆள் பிடிப்பது அவன் வேலை. வழக்கமாக ஏற்றிவிடுகிறவர் நின்றுவிட்டார் என்று பேச்சுவாக்கில் சொன்னான். நான் விடவில்லை. மூன்று நாள் அவன் அலுவலகத்து வாசலில் போய் நின்றேன்.

"சரிக்கா, ஒரு கப்பல் குடுத்துப் பாக்கேன்" என்றான் கடைசியில். "நிலக்கரிக் கப்பல். எல்லாம் பிலிப்பைன்ஸ்காரங்க. காலையில கரை பிடிச்சு சாயந்திரம் நாலு மணிக்குப் போயிரும். ரசீதுல கேப்டன் கையெழுத்தும் கப்பல் முத்திரையும் விழுந்துட்டுன்னா இனிமே எல்லாக் கப்பலும் உங்களுக்குத்தான். விழலேன்னா எங்கிட்ட மறுபடி வந்து நிக்காதீங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் பேப்பரை மடித்து வைத்தார். "அப்ப சென்னைக்கு?" என்றார். "கையெழுத்து விழுந்தா போக வேண்டாம். விழலேன்னா நானே உங்களை ரயிலேத்தி விடுதேன்" என்றேன். அவ்வளவுதான் எங்களுக்குள் ஒப்பந்தம்.

கப்பல் சமையல்காரர் கையால் எழுதிய பட்டியலை யாரோ போட்டோ எடுத்து, அதை இன்னொருவர் அனுப்பி, நாலைந்து கை மாறி என் போனுக்கு வந்திருந்தது. அரிசி, கோழி, முட்டை, வெங்காயம் எல்லாம் சரி. அதற்குக் கீழேதான் தலை சுற்றியது. வாழையின் இதயம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கொஞ்ச நேரம் முழித்தேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. வாழைப்பூ! அதை நானே கண்டுபிடித்ததும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. போனில் தேடித் தேடி, காங்கோங் என்றால் வள்ளைக்கீரை, பாண்டான் என்றால் ரம்பை இலை என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்தேன். கடைசி வரி மட்டும் பிடிபடவில்லை. மலுங்கி எல்.வி.எஸ். ஐந்து கிலோ.

அந்த எழுத்தைப் போட்டுத் தேடினால் யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் படம் வந்தது. வாயால் சொல்லிப் பார்ப்போம் என்று போனை வாய்ப் பக்கத்தில் வைத்து "மலுங்கி" என்றேன். அது "மழுங்கி" என்று எடுத்துக்கொண்டு, அரிவாள்மனைக்குச் சாணை பிடிப்பது எப்படி என்று வரிசையாக வீடியோ காட்டியது.

இவர் எட்டிப் பார்த்தார். இவருடைய அப்பா கொழும்பில் கடை வைத்திருந்தவர். அந்த வகையில் இவருக்கு மூன்று சிங்களச் சொற்கள் தெரியும். மூன்றையும் வைத்துக்கொண்டு முப்பது வருஷமாக என்னிடம் பெருமை அடித்துவந்தார்.

"இதுல என்னளா சந்தேகம்? மாலுன்னா சிங்களத்துல மீனு. இது மலுங்கி. ஏதோ ஒரு மீனுதான். எல்லாம் அந்தப் பக்கத்துப் பாஷைதான?"

"எல்.வி.எஸ்.னு போட்டிருக்கே?"

"லைவ்வு. உயிரோட வேணும்னு கேக்கான்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஏஜெண்ட் ஆபீஸ் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால், "இதுகூடத் தெரியாதா?" என்று நினைப்பானே என்ற வீம்பு. மீன் என்றே முடிவு செய்தோம்.

மறுநாள் மார்க்கெட். வாழைப்பூவும் சேப்பங்கிழங்கும் ஒரு நொடியில் கிடைத்தன. பச்சைப் பப்பாளிதான் வம்பில் மாட்டிவிட்டது. நம் ஊரில் பப்பாளியைப் பழுக்க வைத்துத்தான் விற்பார்கள். காயாகப் பத்துக் கிலோ வேண்டும் என்று நான் கேட்டதும், பழக்கடைக்கார அம்மா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "யாருக்குத் தாயி?" என்றார்.

"கப்பலுக்கு."

"எந்தப் பிள்ளைக்குன்னு சொல்லு. பாவம்மா அது. நாலு வீட்டுப் பெரியவங்களை வச்சுப் பேசி முடிச்சிரலாம். பப்பாளிக்காயெல்லாம் குடுத்துக் கலைக்கக் கூடாது."

"ஐயோ, பத்துக் கிலோவும்மா! பத்துக் கிலோவுக்கு ஊர்ப் பிள்ளைகள் எல்லாருமா முழுகாம இருக்காவ?"

பக்கத்துக் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த அம்மாவுக்கு அப்போதும் சந்தேகம் போகவில்லை. பட்டியலைக் காட்டினேன். இங்கிலீஷில் இருந்ததால்தான் நம்பினார். காய்களைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, "கூட்டு வைக்கவா, என்னத்துக்கு?" என்று கேட்டார். எனக்கும் தெரியாது. "சூப்பு" என்று அடித்துவிட்டேன். அது பிறகு உண்மையாகவே ஆனது வேறு விஷயம்.

சோயா சாஸுக்கும் ரம்பை இலைக்கும் காயல்பட்டினம் போனேன். அங்கே ஒரு சந்துக்குள், இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டிய இடத்தில், ஒரு ஃபாரின் சாமான் கடை. ஒரு அலமாரி முழுக்கத் துபாய் பேரீச்சையும் பால்பவுடரும், இன்னொரு அலமாரி முழுக்கச் சீனா எழுத்து, கொரியா எழுத்து, தாய்லாந்து எழுத்து. நூடுல்ஸ் பாக்கெட்டுகள், கருப்புப் பாட்டில்கள், உலர்ந்த காளான், சிவப்பு மிளகாய் விழுது. எனக்கு அங்கேயே பாய் விரித்துப் படுத்துவிடலாம் போல இருந்தது. ஒவ்வொரு பாட்டிலையும் எடுத்து, திருப்பி, வாசம் வருமா என்று மூடியை மோந்து பார்த்தேன். கடைக்காரர் ஹாங்காங்கில் பல வருஷம் இருந்து வந்தவர். காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"காக்கா, சோயா சாஸ்லயே ரெண்டு நிறம் இருக்கே?"

"இது உப்புக்கு, இது நிறத்துக்கு. பிலிப்பைன்காரனா? அவனுக்கு உப்பும் புளிப்பும் வேணும். கூட வினிகரும் எடுத்துக்கிடுங்க, பட்டியல்ல இல்லாட்டாலும் சந்தோசப்படுவான்."

ரம்பை இலை கடையில் விற்கவில்லை. அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். அவர் வீட்டில் நெய்ச்சோற்றுக்குப் போட வளர்ப்பதில் ஒரு கட்டு அறுத்துக்கொண்டு வந்தார்கள். அதைக் கையில் கொடுத்துக்கொண்டே, "வேற ஏதும் புரியாதது இருக்கா? கேளுங்க, ஹாங்காங்ல அவனுவகூடத்தான் ஒரே பில்டிங்ல இருந்தேன்" என்றார்.

இப்போது நினைத்தாலும் என்னையே நாலு அறை விடத் தோன்றுகிறது. அந்தப் பட்டியல் என் கையில்தான் இருந்தது. "எல்லாம் தெரியும் காக்கா" என்று சொல்லிவிட்டு, பெரிய கப்பல் முதலாளி மாதிரி ஸ்கூட்டரை எடுத்தேன்.

வள்ளைக்கீரையை யாரும் விற்பதில்லை. ஆழ்வார்திருநகரிப் பக்கம் வயல்காட்டில், வாய்க்கால் ஓரமாக அது தானாகவே மண்டிக் கிடந்தது. வயல்காரரிடம், "அண்ணாச்சி, இதுல எட்டுக் கிலோ வேணும்" என்றேன்.

"மாட்டுக்கா?"

"இல்ல, கப்பலுக்கு."

"கப்பல்ல மாடு வளக்கானுவளா?"

மனுஷர் சாப்பிடுவார்கள் என்று நான் சொன்னதை அவர் நம்பவேயில்லை. ஆனால் அறுத்துக் கட்டிக்கொடுத்தார். உயிரோடு மீன் வேண்டும் என்று கேட்டபோது, குளத்தில் பிடித்துச் சிமெண்டுத் தொட்டியில் விட்டிருந்த விரால் ஐந்து கிலோவை மூடி போட்ட டிரம்மில் தண்ணீரோடு கொடுத்தார். கடல்மீன் உயிரோடு கரைக்கு வராது. விரால்தான் எத்தனை நேரம் ஆனாலும் துள்ளும். எல்லாம் முடிந்தது, நான் ஒரு கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தேன். இவர் டிரம்மைத் திறந்து பார்த்துவிட்டு, "மலுங்கின்னா விராலுதான். நான் அப்பவே நினைச்சேன்" என்றார்.

அமாவாசை அன்று காலை கப்பல் வந்து கட்டியது. சேலைக்கு மேலே பளபளக்கும் ஆரஞ்சு ஜாக்கெட், தலையில் ஹெல்மெட், காலில் ஏஜெண்ட் ஆபீஸ் தம்பியிடம் இரவல் வாங்கிய இரண்டு சைஸ் பெரிய பாதுகாப்பு ஷூ. இவரைக் கடையில் விட்டுவிட்டு, வேன்காரரோடு நான் மட்டும் போனேன். கேட்டில் பாஸ் பார்த்தவர் என்னையும் பார்த்தார், டிரம்மையும் பார்த்தார், கையசைத்து உள்ளே விட்டார். கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் அலுமினிய ஏணியில் கீழே பார்க்காமல் ஏறினேன்.

சமையல்காரர் குள்ளமான மனிதர். என் வயது இருக்கும். "குசினா, குசினா" என்று அடுக்களைக்கு வழி காட்டினார். நம் கடற்கரைக்காரர்கள் அடுக்களையைக் குசினி என்றுதானே சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு சாமானாகப் பார்த்து டிக் போட்டார். பப்பாளிக்காயை முகர்ந்தார், வள்ளைக்கீரையைப் பார்த்து "ஓ!" என்றார், பட்டியலில் இல்லாத வினிகரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடவே செய்தார். எனக்கு மனசு ஆகாயத்தில் நின்றது. கடைசியாக டிரம்.

அவர் மூடியைத் திறந்தாரோ இல்லையோ, ஒரு விரால் எகிறி அவர் நெஞ்சில் மோதி இரும்புத் தரையில் விழுந்தது. அடுத்து இன்னொன்று. அடுக்களைக்குள் இருந்தவர்கள் அலறினார்கள். ஒருவர் ஸ்டூலின் மேல் ஏறி நின்றார். இரண்டு பேர் போனில் வீடியோ எடுத்தார்கள்.

"வாட் இஸ் திஸ்?"

"மலுங்கி. லைவ். வெரி ஃப்ரெஷ்" என்றேன்.

"மேடம், திஸ் இஸ் ஃபிஷ்."

"எஸ் எஸ். மலுங்கி ஃபிஷ்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். எல்.வி.எஸ். என்று எழுதியிருந்ததை விரலால் குத்திக் குத்தி, "லீவ்ஸ்! லீவ்ஸ்!" என்று கத்தினார். இலை! சத்தம் கேட்டுக் கேப்டன் வந்தார். உயிருள்ள எதுவும் கப்பலில் ஏறக் கூடாது, உடனே இறக்கு என்றார். ரசீதை நீட்டினேன். அதில் கடைசி வரிக்கு நேராகக் காலியாக இருந்த கட்டத்தைக் காட்டி, "நோ மலுங்கை, நோ சைன்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

இவ்வளவு கறார் எதற்கு என்று சமையல்காரர்தான் கையாலும் வாயாலும் எனக்குப் புரிய வைத்தார். ஒன்றரை மாதமாகக் கடலில் எல்லாருக்கும் ஃப்ரீசரில் கிடந்த காய்தான். இந்தியா வந்ததும் கோழியும் பப்பாளிக்காயும் அந்த இலையும் போட்டு ஒரு சூப்பு வைத்துத் தருவேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். கப்பலில் அந்த இலைக்கு எல்லாரையும்விட அதிகம் ஏங்கிக்கொண்டிருந்தவர் கேப்டன்தான்.

"ஐ வில் பிரிங்" என்று வாய் வரை வந்தது. எதைக் கொண்டுவர? என்ன இலை என்றே தெரியாமல் எந்தக் கடைக்கு ஓட? சென்னைக் குடோனும் அந்த "ஏலே"யும் கண் முன்னே நின்றன. அந்த நேரத்தில் வீம்பு எங்கே போனதோ தெரியவில்லை. "ஐயா, எனக்குத் தெரியாது. ஐ டோன்ட் நோ. ப்ளீஸ் ஷோ மி" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினார். அவர் வீடு. வாசலில் அவர் மனைவி நிற்கிறார். அந்த அம்மாவுக்குப் பின்னால், ஓட்டின் மேல் சாய்ந்துகொண்டு, காய் தொங்கத் தொங்க ஒரு மரம்.

"அட கூறுகெட்டவளே!" என்று என்னை நானே திட்டினேன். "முருங்கை!"

"மலுங்கை" என்றார் அவர்.

"முருங்கை."

"மலுங்கை!"

இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே சிரித்தோம். எழுதும்போது மனுஷர் நடுவில் இரண்டு எழுத்தை விழுங்கியிருக்கிறார். கீழே இறங்கியதும் இவருக்குப் போன் போட்டேன்.

"மலுங்கி மீனில்லங்க, முருங்கக்கீர!"

"அப்ப மாலு?" என்றார்.

"மாலுமில்ல, கோலுமில்ல! அஞ்சு கிலோ வேணும். நம்ம தெருவுல எல்லார் வீட்டுலயும் மரம் நிக்கில்லா? பறிச்சு வைங்க."

"இன்னைக்கு அமாவாசைல்லா."

எனக்கு உயிரே போய்விட்டது. எங்கள் பக்கத்தில் அமாவாசையன்று வீட்டில் கீரை சமைக்க மாட்டோம். அதனால் கீரைக்காரிகள் மார்க்கெட்டுக்கு வருவதுமில்லை. எங்கள் தெருவில் கேட்டால், "நாளும் கிழமையுமா முருங்கையில கை வைக்க வந்துட்டா" என்று பெருக்குகிற வாரியலை எடுப்பார்கள். நான் இவரைப் பிடித்துக் கத்த ஆரம்பித்தேன். மாலு என்று ஆரம்பித்து வைத்தது யார், சிங்களப் பண்டிதர் யார் என்று மூச்சு விடாமல் கேட்டேன்.

"சரி, வேதாளம் முருங்கை மரம் ஏறிட்டு" என்றார் இவர் நிதானமாக. "இறங்கி நான் சொல்லுததைக் கேளு. அமாவாசை நமக்குத்தான். மாதா கோயில் தெருவுல ஏது அமாவாசை? நேரா அங்கன போ. நானும் கடையை அடைச்சுட்டு வாரேன்."

பகலில் கடை அடைக்கிற மனிதர் இல்லை அவர். துட்டி கேட்க இழவு வீட்டுக்குப் போவதென்றால்கூட என்னை உட்கார வைத்துவிட்டுத்தான் போவார்.

மாதா கோயிலுக்குப் பின்னால், கடலைப் பார்த்த வீடுகள். முதல் வீட்டு வாசலிலேயே இரண்டு முருங்கை மரங்கள் கொத்துக் கொத்தாக இலையோடு நின்றன. அந்த வீட்டு அம்மா வலையிலிருந்து வந்த சாளை மீனைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய் நின்ற கோலத்தைப் பார்த்து முதலில் துறைமுக அதிகாரி என்று நினைத்துவிட்டார். ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் அப்படி. விஷயத்தைச் சொன்னேன்.

"அஞ்சு கிலோவா? ஆட்டுக்குப் போட்டாக்கூட இவ்வளவு தின்னாதே. பறிச்சுக்கோ மக்கா. முருங்கைக்கு யாராவது துட்டு வாங்குவாங்களா?"

"சும்மா வேண்டாம்மா. இந்த விராலை வச்சுக்கிடுங்க" என்று டிரம்மைக் காட்டினேன்.

அவர் எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்தினார். "குளத்து மீனா? சேத்து வாடை அடிக்கும். கடல் வாசல்ல இருந்துக்கிட்டு இதைத் தின்னேன்னு தெரிஞ்சா சிரிப்பானுவ." பிறகு பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தார். "ஏளா, இங்க வாங்க. உயிரோட குளத்து மீனு வந்திருக்கு, வேடிக்கை பாக்க!"

நாலு பெண்கள் வந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களைக் கிளை ஒடிக்க வைத்துவிட்டார் அந்த அம்மா. இவரும் மொபெட்டில் வந்து சேர்ந்தார், தராசோடு. இலையைக் காம்பிலிருந்து உருவி உருவிச் சாக்கில் போட்டோம். கிளையாகப் பார்த்தால் மலை மாதிரி இருக்கும். உருவி நிறுத்தால் ஒன்றுமில்லை. இவர் நிறுத்துப் பார்த்து, "ரெண்டேகால்" என்றார். மணி ஒன்றரை. அடுத்த மரம், அதற்கடுத்த வீட்டு மரம். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து உருவினார். முப்பது வருஷத்தில் வீட்டில் ஒரு கீரைத்தண்டை ஆய்ந்தவரில்லை. விரல் எல்லாம் பச்சை. "நாலு" என்றார். நான் அடுத்த கிளையை இழுத்து ஒடித்தேன்.

அந்த அம்மா உருவிக்கொண்டே, "கப்பல்ல எத்தனை பேரு?" என்று கேட்டார்.

"இருபது பேருக்கு மேல இருப்பாங்கம்மா."

"எம் மவனும் கப்பல்லதான் இருக்கான். போன் எடுத்து ஒம்பது நாளாச்சு. எந்தக் கடல்ல நிக்கானோ." கை நிற்கவில்லை. "முருங்கக்கீரைன்னா உயிரு அவனுக்கு. குசினியில நான் தாளிக்க வரைக்கும் பொறுக்க மாட்டான், சட்டியோட தூக்கிட்டுப் போவான்."

இவர் தராசைத் தூக்கிப் பிடித்தார். ஐந்து. அந்த அம்மா எழுந்து, இன்னும் ஒரு கை இலையை அள்ளி மேலே போட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன செய்யட்டும் உங்களுக்கு என்று கேட்டேன்.

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். எம் மவன் போற ஊருலயும் எவளாவது ஒருத்தி இப்படி அலைஞ்சு அவனுக்கு ஒரு வாய்க் கீரை குடுக்கட்டும். அது போதும் எனக்கு" என்றார். ஹெல்மெட்டைத் தலையில் வைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கப்பலில் ஏறும்போது மணி இரண்டரை தாண்டியிருந்தது. பட்டியலில் இருக்கிற சாமான்தான் என்பதால் கேட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அடுக்களையில் கோழியும் பப்பாளிக்காயும் இஞ்சியும் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தன. என்னை நம்பி உலையை ஏற்றி வைத்திருக்கிறார் மனுஷர்! சாக்கை அவிழ்த்து, இரண்டு கையாலும் இலையை அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டார். அப்படியே நின்றார். பிறகு பானையில் கொட்டி ஒரு கிண்டு கிண்டி, அடுப்பை அணைத்தார். கூப்பிடாமலே எல்லாரும் வந்துவிட்டார்கள். கேப்டனும் வந்தார். முதல் கிண்ணம் அவருக்கு. இரண்டாவது கிண்ணத்தை என் கையில் கொடுத்தார் சமையல்காரர்.

அமாவாசை அன்று கோழி! "டுடே நோ மூன். சோ நோ சிக்கன்" என்றேன். நிலவுக்கும் கோழிக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு விளங்கவில்லை. முகம் வாடிவிட்டது. அந்த வாட்டத்தைப் பார்க்க முடியாமல், "நெக்ஸ்ட் டைம், நெக்ஸ்ட் டைம்" என்றேன். கேப்டன் நிமிர்ந்து பார்த்தார். ஒரு கையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டே, இன்னொரு கையால் ரசீதை இழுத்தார். கடைசிக் கட்டத்தில் டிக் அடித்தார், கையெழுத்துப் போட்டார், முத்திரையைக் கொண்டுவரச் சொல்லி அழுத்திக் குத்தினார். "நெக்ஸ்ட் டைம், எஸ்" என்றார்.

நான் ஏணியில் இறங்கியதே எனக்கு நினைவில்லை. ஏஜெண்ட் ஆபீஸ் தம்பிக்கு அங்கேயிருந்தே ரசீதைப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். "அக்கா, வியாழக்கிழமை ஒண்ணு வருது. வியட்நாம்காரங்க. பட்டியல் அனுப்பியிருக்கேன், பாருங்க." பார்த்தேன். பாதிக்கு மேல் ஒன்றும் விளங்கவில்லை. "தம்பி, இதுல ஏழு சாமான் என்னன்னே தெரியல. ஒவ்வொண்ணுக்கும் போட்டோ வேணும்னு கேட்டு வாங்குங்க" என்றேன். "சரிக்கா" என்றான். அவ்வளவு சுலபமாக இருந்தது.

துறைமுக கேட்டுக்கு வெளியே இவர் மொபெட்டில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். அப்போது அவர் போன் அடித்தது. அவருக்குக் காது சரியாகக் கேட்காது, எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"ஏலே, எந்த ரயில்ல வார?" என்றது அண்ணன் குரல்.

"நான் வரலண்ணே."

"ஏன்லே?"

"இங்கனயே ஒரு எடத்துல வேலைக்குச் சேந்துட்டேன்."

"வேலையா? யாருகிட்டலே?"

இவர் தன் பச்சை விரல்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்ல மொதலாளிதாண்ணே. என்ன, கொஞ்சம் கோவக்காரி. லீவு கீவெல்லாம் கேக்க முடியாது" என்று சொல்லிப் போனை வைத்தார்.